ஷிரூர் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை

புனே ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பொடிநடையாக நடந்தாலே சசூன் மருத்துவமனை வந்துவிடும். பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்து பெரும் வணிகரான டேவிட் சசூனின் கொடையில் எழுந்து, 1867-ல் திறக்கப்பட்ட கருங்கல் கட்டடம் அது. இன்று அரசு மருத்துவமனை. மாவட்டத்து ஏழை எளியவர்களுக்கு அதுதான் போக்கிடம். கட்கியிலும் கேம்ப்பிலும் பிழைக்க வந்து தங்கிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் நன்றாகத் தெரிந்த இடம்.

1994 பிப்ரவரியில் அந்த மருத்துவமனைக்கு ஷிரூரிலிருந்து சில பெண்களை அழைத்து வந்தார்கள். புனேயிலிருந்து அகமதுநகர் போகும் சாலையில் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், கோட் நதிக்கரையில் இருக்கும் சிறு நகரம் ஷிரூர். மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான அரசுக் காப்பகம் ஒன்று அங்கே இருந்தது. அழைத்து வரப்பட்டவர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து கர்ப்பப்பை அகற்றப்பட்டது. கட்டி, புற்றுநோய், நிற்காத உதிரப்போக்கு என்று வழக்கமாக மருத்துவர்கள் சொல்லும் காரணம் எதுவும் அங்கே சொல்லப்படவில்லை. மாதவிடாய் நாட்களில் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இந்தப் பெண்களுக்குத் தெரியவில்லை, ஊழியர்களாலும் சமாளிக்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

செய்தி வெளியே கசிந்ததும் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. முதலமைச்சராக இருந்த சரத் பவார், மிச்சமிருந்த அறுவை சிகிச்சைகளை நிறுத்தச் சொன்னார். நாளிதழ்களில் வாதம் நடந்தது. ‘இந்தப் பெண்களுக்குக் கர்ப்பப்பையால் என்ன பயன்?’ என்று ஒரு தரப்பு கேட்டது. ‘அவர்கள் உடம்பில் கை வைக்க நீங்கள் யார்?’ என்று மறுதரப்பு கேட்டது. வாதம் மெல்ல ஓய்ந்தது. வெட்டி எடுக்கப்பட்டது எடுக்கப்பட்டதுதான்.

முப்பது வருடங்கள் கடந்த பிறகும் அந்தச் சம்பவம் என்னை விடாமல் இழுக்கிறது. உரிமை பற்றிய வழக்காக அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது சரிதான். ஆனால், அந்த வாதத்தில் முதலில் கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று கடைசிவரை உரக்கக் கேட்கப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அந்தப் பெண்களுக்குத் தெரியவில்லை’ என்றார்களே, யாராவது உட்கார்ந்து பொறுமையாக, மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்களா?

ஜாடைமாடையாகச் சொல்லும் பாடம்

நம் வீடுகளில் ஒரு பெண் பெரியவளாகும்போது என்ன நடக்கிறது? அம்மாவோ அத்தையோ காதோடு காதாக இரண்டு வார்த்தை சொல்வார்கள். மெடிக்கல் ஷாப்பில் நாப்கின் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். ‘தூரம்’, ‘விலக்கு’, ‘அந்த மூணு நாள்’ என்று ஆளுக்கொரு பூடகச் சொல். மிச்சத்தைப் பெண் தானாகவே பார்த்து, கேட்டு, தோழிகளிடம் விசாரித்துத் தெரிந்துகொள்வாள். யாரும் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. அதனால் ‘இதெல்லாம் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை, தானாக வருவது’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெண்ணுக்கு ஜாடை புரியாது. பூடகம் எட்டாது. ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வது அவளுக்குச் சுலபமில்லை. ஒரு நாள் காலையில் உள்ளாடையில் ரத்தத்தைப் பார்க்கிறாள். அடிபட்டால்தான் ரத்தம் வரும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். பயந்து அலறுகிறாள். கையால் தொட்டுப் பார்க்கிறாள், சுவரில் துடைக்கிறாள். சிலர் கட்டிவிட்ட நாப்கினைப் பிய்த்து எறிவார்கள். தோலில் உரசும் புதுப்பொருள் எதையும் தாங்க முடியாத குழந்தைகள் ஆட்டிசத்தில் நிறையவே உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது ‘அசிங்கம்’, ‘அடங்காமை’. அவளுக்கோ அது பயம், அரிப்பு, அடிவயிற்று வலி. வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை இல்லாத வலி.

இதைச் சொல்லித்தரும் முறை இருக்கிறது. ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் அன்றாடம் கையாளும் முறைதான். அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

முதலில், ‘நாப்கின் மாற்றுவது’ என்று நாம் ஒரே வேலையாக நினைப்பதைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். கறையைக் கவனிப்பது, பையிலிருந்து புது நாப்கினை எடுப்பது, குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போடுவது, பழையதை உரிப்பது, காகிதத்தில் சுற்றுவது, குப்பைக்கூடையில் போடுவது, புதியதன் பின்பக்கத் தாளைக் கிழிப்பது, சரியான இடத்தில் ஒட்டுவது, உடையை மேலே இழுத்துவிடுவது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது என்று பத்துப் பன்னிரண்டு படிகள் வரும். ஒரு படியிலேயே குழந்தை திணறினால், அந்தப் படியை இன்னும் இரண்டாக உடைப்பார்கள்.

அடுத்து அவர்கள் செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். எல்லாவற்றையும் அம்மாவோ டீச்சரோ செய்துவிட, உடையை மேலே இழுத்துக் கை கழுவுவதை மட்டும் பெண் செய்கிறாள். ‘முடித்துவிட்டேன்’ என்ற நிறைவு முதல் நாளிலேயே அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. அது பழகியதும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. கையைப் பிடித்துச் செய்யவைப்பது மெல்ல மெல்லக் குறையும். மணிக்கட்டைத் தொட்டால் போதும் என்றாகும், அப்புறம் விரலைக் காட்டினாலே போதும், பிறகு பக்கத்தில் நின்றாலே போதும், கடைசியில் கதவுக்கு வெளியே நிற்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள்.

ஒட்டும் இடம் தெரிய உள்ளாடையில் வண்ண நூலால் இரண்டு கோடு தைப்பார்கள். ரத்தத்தைக் கண்டு பயப்படாமலிருக்க, மாதவிடாய் தொடங்குவதற்கு ஒரு வருடம் இரண்டு வருடம் முன்னாலேயே நாப்கினில் பீட்ரூட் சாற்றைச் சில சொட்டுகள் விட்டுப் பழக்கலாம். உரசல் தாங்காத பெண்ணுக்கு முதலில் ஐந்து நிமிடம் மட்டும், பிறகு பத்து நிமிடம், பிறகு அவளுக்குப் பிடித்த பாட்டு முடியும்வரை என்று நேரத்தை நீட்டுவார்கள். சுவரில், அவள் கண்மட்டத்தில், படிகளைப் படமாக வரைந்து வரிசையாக ஒட்டிவைப்பார்கள்.

எல்லாப் பெண்களும் எல்லாப் படிகளையும் கற்றுவிடுவார்களா என்றால், இல்லை. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு கை பக்கத்தில் வேண்டியிருக்கும். ஆனால், பாதிப் படிகளைக் கற்றவள்கூடப் பார்த்துக்கொள்கிறவரின் பாரத்தைப் பாதியாகக் குறைக்கிறாள். அதைவிட முக்கியமாக, தன் உடம்பு தன்னுடையது, தாழ்ப்பாள் போடலாம், கண்டவர் தொட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்பதையும் அந்தப் பாடத்தோடு சேர்த்தே கற்கிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அறுவை சிகிச்சை கர்ப்பத்தைத்தான் தடுக்கும், வன்கொடுமையைத் தடுக்காது. நடந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சியையும் அது அழித்துவிடும்.

ஷிரூருக்கு முன்பே அச்சான புத்தகம்

‘1994-ல் இதெல்லாம் இந்தியாவில் யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கலாம். தெரிந்திருந்தது. மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனத்தை மத்திய அரசு 1984-லேயே செகந்திராபாத்தில் தொடங்கிவிட்டது. அங்கே பணியாற்றிய உளவியலாளர்கள் ரீட்டா பெஷாவரியாவும் எஸ்.வெங்கடேசனும், நடத்தை அணுகுமுறையில் இந்தக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றை 1992-ல் எழுதி வெளியிட்டார்கள். ஒரு திறனைப் படிகளாக உடைப்பது, கைப்பிடித்துக் கற்பித்துப் பிடியைத் தளர்த்துவது, பாராட்டை எப்போது எப்படித் தருவது, சிக்கலான நடத்தைக்குக் காரணம் தேடுவது ஆகியவை அதில் உண்டு. இந்தியக் குழந்தைகளுக்கென்றே ஒரு மதிப்பீட்டு அளவுகோலையும் அவர்கள் உருவாக்கினார்கள். அதன் முதல் பகுதியில் குழந்தைக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று பார்க்க 280 கேள்விகள். இரண்டாம் பகுதியில் சிக்கலான நடத்தைகளைக் குறிக்க 75 கேள்விகள்.

அந்த விகிதத்தைப் பாருங்கள். என்ன தொந்தரவு செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால், என்ன செய்யத் தெரியும் என்று கிட்டத்தட்ட நான்கு மடங்கு கேட்கிறார்கள்.

செகந்திராபாத்திலிருந்து புனே ஓர் இரவு ரயில் பயணம்தான். புனேயிலேயே காமாயனி போன்ற சிறப்புப் பள்ளிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இயங்கிக்கொண்டிருந்தன. நம் சென்னையில் 1953-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய பால விஹார் இருந்தது, 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் இருந்தது. அறிவு இந்தியாவில் இல்லாமல் இல்லை. சொற்பச் சம்பளத்தில், பயிற்சி இல்லாமல், ஆளுக்கு எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி துவைக்க வேண்டிய காப்பக ஆயாவின் கைக்குத்தான் அது போய்ச் சேரவே இல்லை. அந்த ஆயாக்களை வில்லிகளாக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களையும் யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது விசில்

‘பிஹேவியர் தெரபி’ என்ற சொல்லை இன்று புனேயின் பானேர் முதல் சென்னையின் அண்ணா நகர்வரை எங்கே திரும்பினாலும் போர்டில் பார்க்கலாம். அதன் உள்ளே இருக்கும் எண்ணம் மிக எளிமையானது. அதைச் சொல்ல ஒரு சமையலறை போதும்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுப் பையன். ஆட்டிசம். பேச்சு வரவில்லை. காலையில் திடீரென்று தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்கிறான். ரத்தம் வருமளவுக்குக் கடி. பாட்டி ‘கண்ணு பட்டுடுச்சு’ என்று உப்பு மிளகாய் சுற்றுகிறார். அப்பா அதட்டுகிறார். அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்து பிஸ்கட் தருகிறாள். கடி நிற்கவில்லை.

விஷயம் தெரிந்த ஒருவர் அந்த அம்மாவிடம் ஒரு பழைய டைரியைத் தந்து மூன்று பத்தி போடச் சொல்கிறார். கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தான், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். இரண்டு வாரம் எழுதுகிறாள். எழுதியதைத் திரும்பப் படித்தால் எல்லாம் காலை ஏழிலிருந்து எட்டுக்குள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. ஞாயிறன்று காலையில் இட்லி. மற்ற நாட்களில் சாதமும் பருப்பும் குக்கரில். முதல் விசிலுக்குக் காதைப் பொத்துகிறான், இரண்டாவதுக்கு ஆடுகிறான், மூன்றாவதுக்குக் கடிக்கிறான். உடனே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருகிறாள். சத்தம் நிற்கிறது. கடித்தால் சத்தம் நிற்கும் என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான். வாயால் சொல்ல முடியாதவன் பல்லால் சொல்கிறான்.

இனி செய்ய வேண்டியது அவனை அடக்குவது இல்லை. ‘போதும்’ என்று சொல்ல வேறு ஒரு வழியைத் தருவது. ஒரு படச்சீட்டு, அல்லது கையைத் தூக்கிக் காட்டும் ஒரு சைகை. அதைக் காட்டிய உடனே, தாமதமில்லாமல், அடுப்பை அணைக்க வேண்டும். குக்கரை வைப்பதற்கு முன் அவனிடம் காட்டிவிட்டு வைக்கலாம். அவன் பால்கனிக்குப் போய்விடலாம். காதுக்கு மாட்டிக்கொள்ள ஏதாவது தரலாம். அவன் எழுவதற்கு முன்பே சாதத்தை வைத்து இறக்கிவிடவும் செய்யலாம், இதற்கு எந்தத் தெரபிஸ்ட்டும் வேண்டாம்.

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் பிரயன் இவாட்டாவும் அவரது குழுவினரும், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்து 1982-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித் தெரியும் நடத்தைக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது என்று அதில் தெரிந்தது. ஒருவர் கவனம் கேட்கிறார், ஒருவர் கடினமான வேலையிலிருந்து தப்பிக்கிறார், இன்னொருவருக்கு அந்த உணர்வே தேவைப்படுகிறது. 1985-ல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் நான்கு குழந்தைகளிடம் அடுத்த அடியை வைத்தார்கள். ‘எனக்குப் புரியவில்லை’, ‘நான் சரியாகச் செய்கிறேனா?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்தும் வாக்கியத்தைக் கற்ற குழந்தையிடம் சிக்கலான நடத்தை சரிந்தது. பொருந்தாத வாக்கியம் பயன்படவில்லை.

இதில் இன்னொரு படி உண்டு, அதைப் பல இடங்களில் தாண்டிப் போய்விடுகிறார்கள். டைரி போடுவதற்கும் முன்னால் பல் மருத்துவரையும் காது மருத்துவரையும் பார்க்க வேண்டும். சொத்தைப் பல், காதுச் சீழ், மலச்சிக்கல், மாதவிடாய் வலி எல்லாமே ‘பிஹேவியர் இஷ்யூ’ என்ற பெயரில் வந்து நிற்கும். மாதத்தில் குறிப்பிட்ட நான்கு நாட்கள் மட்டும் தலையைச் சுவரில் முட்டும் பெண்ணுக்கு வேண்டியது தெரபி இல்லை, வலி மாத்திரை.

இதே அறிவியலின் இருட்டுப் பக்கம்

நல்ல பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பெற்றோருக்குத் துரோகம். ஆட்டிசத்துக்கு நடத்தைச் சிகிச்சை என்ற துறையை வளர்த்த ஐவர் லோவாஸ், 1960-களில் குழந்தைகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தவர். மாசசூசெட்ஸில் ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம் என்ற ஒரு நிறுவனம், உடம்பில் கருவியைக் கட்டி அதிர்ச்சி தரும் முறையை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் தடை போட்டது. 2021-ல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தடை செய்யும் அதிகாரம் உண்டு என்று 2022 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டிவந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், தங்களை வாரக்கணக்கில் மணிக்கணக்கில் உட்காரவைத்து, கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று பழக்கியதைக் காயமாக நினைவுகூர்கிறார்கள். கையை ஆட்டுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நம் ஊரில் அதற்குக் கருவிகூடத் தேவைப்படுவதில்லை. மர ஸ்கேல் இருக்கிறது, ஜன்னல் கம்பி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயும் வளர்ச்சிக் குறைபாடும் வேறு வேறு. ஆனால் சங்கிலிக்கு அந்த வேறுபாடு தெரியாது. கட்டிவைப்பதும் ஒருவகை ‘நடத்தைக் கட்டுப்பாடு’ என்றே நம்பப்பட்டது.

ஆகவே உங்கள் குழந்தையை ஒரு மையத்தில் சேர்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். நான் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? என் குழந்தை ‘வேண்டாம்’ என்று காட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்குத் தயக்கம் வந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். தெரபிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் உரிமை. யாரும் அதற்காகக் கோபிக்கக்கூடாது.

சட்டம் எங்கே வந்து நிற்கிறது

ஷிரூருக்கு முன்பே உலகின் சில நீதிமன்றங்கள் இதை யோசித்திருந்தன. மருத்துவத் தேவை இல்லாமல், தானே சம்மதம் தர முடியாத ஒரு பெண்ணுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ய அனுமதிக்க முடியாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1986-ல் ஈவ் வழக்கில் சொன்னது. பெற்றோர் மட்டும் முடிவெடுத்தால் போதாது, நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1992-ல் மரியன் வழக்கில் ஆஸ்திரேலியா சொன்னது. அப்படியும் 2004-ல் அமெரிக்காவின் சியாட்டிலில், கடும் மூளைவளர்ச்சிக் குறைபாடு கொண்ட ஆறு வயதுச் சிறுமிக்கு, பிற்காலத்தில் பராமரிப்பது எளிதாகட்டும் என்று கர்ப்பப்பை அகற்றப்பட்டது, வளர்ச்சியும் மருந்தால் நிறுத்தப்பட்டது. நீதிமன்ற உத்தரவு பெறாமல் கர்ப்பப்பையை எடுத்தது தவறு என்று பிறகு மருத்துவமனையே ஒப்புக்கொண்டது. வசதியுள்ள நாட்டிலும் அதே ‘பராமரிப்புச் சிரமம்’ என்ற சொல்தான்.

இந்தியாவில் 2009-ல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கு வந்தது. சண்டிகர் அரசுக் காப்பகத்தில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமான, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பெண், குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். அவருடைய சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளியின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்த மருத்துவமும் கூடாது என்று 10-ம் பிரிவில் எழுதிவைத்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதையும், எந்த வடிவிலும் சங்கிலி போடுவதையும் 95-ம் பிரிவில் தடை செய்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் மகப்பேறு மருத்துவரின் அறைக் கதவை மெல்லத் தட்டி, ‘டாக்டர், என் பொண்ணுக்கு அதை எடுத்துடலாமா?’ என்று கேட்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் பயனில்லை. அந்தக் கேள்வியின் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. ‘நான் போன பிறகு இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ 2011-ல் மகாராஷ்டிரத்தின் பன்வேலில், அறிவுசார் குறைபாடு உள்ள பெண் குழந்தைகள் இருந்த காப்பகம் ஒன்றில் நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது. 2013-ல் அந்த வழக்கில் தண்டனையும் வந்தது. அதைப் படித்த ஒரு தாய்க்கு இரவில் எப்படித் தூக்கம் வரும்?

மாதவிடாயை ஒரு தொல்லையாக, வேலை கெடும் நாளாக மட்டும் பார்க்கும் மனம் குறைபாடுள்ள பெண்களோடு நிற்கவில்லை. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் நிறைந்த அதே மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், மூன்று ஆண்டுகளில் 4,605 கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சைகள் நடந்ததாக 2019-ல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்டது. வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் என்பதும் அங்கே பேசப்பட்ட ஒரு காரணம். பேசத் தெரிந்த, சம்மதம் தரத் தெரிந்த பெண்களுக்கே அந்த நிலை.

எந்த மொழியில் ‘போதும்’ என்பது?

புனேயில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. வீட்டில் தமிழ். கீழே விளையாடும் பிள்ளைகளிடம் மராத்தி. ஆட்டோக்காரரிடம் இந்தி. தெரபி அறையில் ஆங்கிலம். மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால், ‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஆங்கிலம் போதும்’ என்று அறிவுரை கிடைக்கும். பயந்துபோன அம்மா தனக்கே சரளமில்லாத மொழியில் குழந்தையிடம் பேசத் தொடங்குகிறாள். தாத்தா பாட்டி வாயடைத்துப்போகிறார்கள். தாலாட்டு நின்றுபோகிறது.

இரண்டு மொழிகளில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. யாரோடு அதிக நேரம் இருக்கிறானோ, யார் அவனைக் கொஞ்சுகிறார்களோ, அவர்களின் மொழி அவனுக்கு வேண்டும். ‘போதும்’ என்ற படச்சீட்டின் கீழே தமிழிலேயே எழுதுங்கள். தெரபிஸ்ட் அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ளட்டும். பாட்டி நாற்பது ஆங்கிலச் சொற்களைக் கற்பதைவிட அது எளிது.

பணம் அடுத்த கவலை. பெரும்பாலும் மாதச் செலவில் வாடகைக்கு அடுத்தபடி தெரபிதான் நிற்கிறது. 2011 கணக்கெடுப்பில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் 15 லட்சம் பேர். ஆட்டிசத்துக்கு அப்போது தனி இடமே இல்லை. இவ்வளவு பேருக்கும் பெருநகரத்துத் தனியார் மையங்கள் எந்தக் காலத்திலும் போதாது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் நிராமயா காப்பீட்டில், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கிடைக்கிறது. தொடர் தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தகுதியிருந்தும் இதைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பங்கள் ஏராளம். கையில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருந்தால் இந்த வாரமே விசாரியுங்கள்.

பதினெட்டு வயது தாண்டியவர்களின் நிலைதான் மிக மோசம். சின்ன வயதிலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். சரி, அந்தச் சின்னக் குழந்தைகள் முப்பது வயதாகும்போது? பள்ளி முடிந்ததும் வீட்டின் நான்கு சுவர்தான். காலையில் எழுந்தால் போக ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் இல்லாதவர் மதியத்துக்குள் கதவை உதைக்கிறார் என்றால், அதைக் குணப்படுத்த மாத்திரை எழுதுவதில் நியாயமில்லை. காமாயனி போன்ற இடங்கள் பள்ளியோடு தொழிற்பயிற்சிக் கூடத்தையும் சேர்த்தே நடத்தியதன் அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. உறை ஒட்டுவதும் மெழுகுவத்தி வார்ப்பதும் நமக்குச் சின்ன வேலையாகத் தெரியலாம். தனக்காகக் காத்திருக்கும் ஒரு நாற்காலி எங்கோ இருக்கிறது என்று தெரிவதே ஒருவரின் காலைப்பொழுதை மாற்றிவிடும்.

ஷிரூரிலிருந்து வந்த அந்தப் பெண்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதமாட்டேன். உயிரோடு இருந்தால் இன்று நடுவயதைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கு அன்று கண்மட்டத்தில் சுவரில் ஒரு படவரிசை இருந்திருந்தால், உள்ளாடையில் வண்ண நூலில் இரண்டு கோடு இருந்திருந்தால், கதவுக்கு வெளியே அவசரப்படாத ஒரு ஆயா நின்றிருந்தால் என்று நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். முதல் வாரம் கடைசிப் படி மட்டும்தான். மற்றதையெல்லாம் ஆயா செய்து முடித்துவிட்டு விலகி நிற்கிறார். அவள் இரண்டு கையாலும் பாவாடையை இழுத்து இடுப்பில் சரிசெய்கிறாள். குழாயைத் திறக்கிறாள். சோப்பை வழுக்கவிட்டு, குனிந்து எடுத்து, மறுபடி தேய்த்துக் கழுவுகிறாள். ஈரக் கையைத் தூக்கி ஆயாவிடம் காட்டுகிறாள்.